காரில்லாம மலைக்கு: ஏலகிரிக்கு சைக்கிளோட ரயில்ல போன கதை

இது எபிசோட்டோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த திக்கல், திரும்பத் திரும்பச் சொன்னது எல்லாத்தையும் எடுத்துட்டு, படிக்க வசதியா கொஞ்சம் சரி பண்ணியிருக்கேன்.

இன்னைக்கு எபிசோட்ல கோடிங் கிடையாது, அப்ரைசல் கிடையாது, ஏஐ நம்ம வேலையைத் தூக்கிடுமாங்கற கேள்வியும் கிடையாது. இன்னைக்கு சைக்கிள்.

ரொம்ப நாளா மெசேஜ்ல ஒரே கேள்வி வந்துட்டே இருக்கு. "ப்ரோ, எம்டிபி வாங்கிட்டேன். சென்னைல எங்க ஓட்டறது? மலைக்குப் போகணும்னா கார் வேணுமே?" இதே கேள்வியை மூணு வருஷம் முன்னாடி நானும் கேட்டேன். ஆபீஸ்ல ஒரு சீனியர்கிட்ட கேட்டதுக்கு, "முதல்ல ஒரு எஸ்யூவி வாங்கு, பின்னாடி ரேக் மாட்டு, அப்புறம் மலையைப் பத்தி யோசி"ன்னார். நான் அப்பதான் சைக்கிள் இஎம்ஐயே கட்டிட்டு இருந்தேன். சைக்கிளுக்காக கார் வாங்கறதுங்கறது, தேங்காய் வாங்கினதுக்காகத் தோப்பு வாங்கற மாதிரி.

நம்ம ஊரோட பிரச்சனை என்னன்னா, சென்னை ஒரே சமவெளி. ஏரிக்கரை மண் பாதைகள் இருக்கு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் முழுக்க ஏரிகள்தான். மழை விட்டு ஒரு வாரம் கழிச்சுக் கரை மேல ஓட்டினா நல்லா இருக்கும். ஆனா ஏத்தம், இறக்கம், கல்லு, திருப்பம்னு எம்டிபி எதுக்குப் பிறந்துச்சோ அது வேணும்னா மலைக்குத்தான் போகணும். ரயில்ல போய், இறங்கின இடத்துல இருந்தே மிதிச்சு ஏறக்கூடிய மலைன்னு மேப்பைப் பார்த்தா கண்ணுல படறது ஏலகிரி.

திருப்பத்தூர் மாவட்டம். சென்னை சென்ட்ரல்ல இருந்து ஜோலார்பேட்டை ஜங்ஷன் ரயில்ல 210 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல. பெங்களூர் லைனும் கோயம்புத்தூர் லைனும் பிரியற இடம் அது, அதனால நிறைய ரயில் நிக்கும். ஸ்டேஷன்ல இருந்து பொன்னேரி கூட்ரோடு, அங்கிருந்து மலைப்பாதை. மேல அத்தனாவூர் வரைக்கும் மொத்தமா 20 கி.மீ. பக்கம் வரும். கீழ ஊர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 400 மீட்டர், மேல சுமார் 1,050. ஆக 650 மீட்டர் ஏத்தம். 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர். பாதி புலவர்கள், பாதி வள்ளல்கள். மூச்சு வாங்கிட்டு நிக்கும்போது எதிர்ல ஔவையார் போர்டு இருந்தா ஒரு தெம்புதான்.

சரி, போற வழியில முதல் சிக்கலே சைக்கிளை ரயில்ல எப்படி ஏத்தறதுங்கறதுதான். இதை நல்லா கேட்டுக்கோங்க, நிறைய பேர் தப்பு பண்ற இடம் இது.

ரயில்வே விதிப்படி பயணிகள் பெட்டிக்குள்ள கொண்டு போற சாமானுக்கு அளவு இருக்கு. 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரம். ஏசி பெட்டியில இன்னும் சின்னது. இப்ப கணக்கு போடுங்க. 29 இஞ்ச் சக்கரம், டயரோட சேர்த்து குறுக்களவு 74 சென்டிமீட்டர் பக்கம். சக்கரத்தைக் கழட்டி வச்சாலே 60-ஐத் தாண்டிடுது. ஃப்ரேம் ஒரு மீட்டருக்கு மேல. அதனால "பையில போட்டு சீட்டுக்கு அடியில தள்ளிடலாம்"னு யூடியூப்ல பார்த்ததை நம்பாதீங்க. முதல்ல இடம் பத்தாது, அப்புறம் டிடிஇ வந்து கேட்டா பதில் இருக்காது.

சரியான வழி, பிரேக் வேன். ரயிலோட முன்னாடியோ பின்னாடியோ லக்கேஜ் பெட்டி இருக்கும்ல, அது. ஸ்டேஷன்ல பார்சல் ஆபீஸுக்குப் போங்க. போய் "பார்சல்"னு சொல்லாதீங்க, "லக்கேஜ்"னு சொல்லுங்க. ஒரு வார்த்தைதான், ஆனா ரொம்ப முக்கியம். லக்கேஜ்னா உங்க டிக்கெட்டைக் காட்டி, நீங்க போற அதே ரயில்ல சைக்கிளும் வரணும்னு புக் பண்றது. பார்சல்னா அது தனிச் சரக்கு. நீங்க ஜோலார்பேட்டைல நிப்பீங்க, சைக்கிள் அடுத்த நாள் வரலாம். இலவச எடை வரம்பு இருக்கே, செகண்ட் கிளாஸுக்கு 35 கிலோ, ஸ்லீப்பருக்கு 40, அது சைக்கிளுக்குச் செல்லாது. தனியா கட்டணம் கட்டணும். ரயில் கிளம்பறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியாவது ஒப்படைக்கணும்னு விதி. நீங்க ஒரு மணி நேரம்னு வச்சுக்கோங்க. ஃபார்ம் இருக்கு, எடை போடணும், வரிசை இருக்கு.

அதிகாலை ரயிலுக்கு சென்ட்ரல் வரைக்கும் எப்படிப் போறதுன்னு கேப்பீங்க. சைக்கிள்லதான்! நான் வேளச்சேரி. சென்ட்ரலுக்கு 13, 14 கி.மீ. விடியறதுக்கு முன்னாடி அண்ணா சாலை காலியா இருக்கும்போது ஓட்டிப் பாருங்க, இந்த ஊர் மேல இருக்கற கோவம் பாதி போயிடும்.

இதெல்லாம் சேர்த்து நான் முதல் தடவை போனது ஒரு ஜனவரி மாசம், ஞாயிற்றுக்கிழமை. தனியா. ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாம்னு பிளான். அம்மாகிட்ட "ஃப்ரெண்டு வீட்டுக்குப் போறேன், நைட்டு வந்துடுவேன்"னு சொல்லிட்டேன். மலைக்குத் தனியா சைக்கிள்ல போறேன்னா விட மாட்டாங்க, அதுக்காக ஒரு சின்னப் பொய். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

ஒன்பது மணி வாக்குல ஜோலார்பேட்டை. பிரேக் வேன் கதவுகிட்ட ஓடிப்போய் சைக்கிளை வாங்கினேன். இங்க ஒரு விஷயம். வழியில இருக்கற ஸ்டேஷன்ல ரயில் நிக்கறதே கொஞ்ச நிமிஷம்தான். நீங்க ஏர்ற பெட்டி பிரேக் வேனுக்குப் பக்கத்துல இருந்தா நல்லது. கார்டுகிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வைங்க. 2022-ல இருந்து அவங்க பதவிக்கு 'ட்ரெயின் மேனேஜர்'னு பேர் மாத்திட்டாங்க. சார்னு கூப்பிட்டா எந்தப் பேரா இருந்தாலும் வேலை நடக்கும்.

ஸ்டேஷன் வெளியில நாலு இட்லி, ஒரு வடை. சக்கரத்தை மாட்டினேன், காத்து பார்த்தேன், கிளம்பிட்டேன். ஏத்தம் எனக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. வழியில குரங்குங்க, பைக்ல போற பசங்களோட "சூப்பர்ணா". மேல போனதும் அந்தக் குளிர் காத்து, பலாமரம், சிவப்பு மண் பாதை. சொர்க்கம்னு சொல்ல மாட்டேன், ஆனா வேளச்சேரி இல்லன்னு உடம்புக்குத் தெரிஞ்சது.

மேல ஓட்டறதைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். ஏலகிரி மேல சின்னச் சின்ன கிராமங்கள். நடுவுல மண் ரோடு, தோட்டத்து ஓரப் பாதைனு ஊர் ஜனங்க நடக்கற வழிகள்லதான் நான் ஓட்டினேன். காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம போறது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்ல தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில மலையேறப் போனவங்க இறந்தது ஞாபகம் இருக்கும். அதே வருஷம் மலையேற்றத்துக்குன்னு அரசு தனி விதிகளையே கொண்டு வந்துச்சு. 2024-ல வனத்துறை ஆரம்பிச்ச ட்ரெக் தமிழ்நாடு திட்டத்துல ஏலகிரி சுவாமிமலைப் பாதையும் இருக்கு. ஆனா அது வழிகாட்டியோட நடந்து போறதுக்கானது. "நடக்கறவங்களுக்குத் திறந்துட்டாங்க, சைக்கிளும் போலாம்"னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. ஊர்ப் பாதையிலயும் தோட்டக்காரர் இருந்தா இறங்கிக் கேளுங்க. எனக்கு இதுவரைக்கும் யாரும் வேணாம்னு சொன்னதில்ல. கேக்காம போனவனைத் திட்டறதைப் பார்த்திருக்கேன்.

சரி, கதைக்கு வரேன். மதியம் மூணரை. நிலாவூர் பக்கம் ஒரு கல்லு நிறைஞ்ச ஏத்தம். கியரைக் குறைக்கலாம்னு பின்னாடி இருக்கற பெரிய பல்சக்கரத்துக்கு மாத்தினேன். 'கடக்'னு ஒரு சத்தம். டெரெய்லர் நேரா ஸ்போக்ஸ்குள்ள போய் மாட்டி, முறுக்கிக்கிச்சு. நான் பக்கவாட்டுல விழுந்தேன். முட்டி சிராய்ப்பு, அவ்ளோதான். ஆனா சைக்கிள் முடிஞ்சுது.

அப்புறம்தான் என்ன நடந்திருக்கும்னு புரிஞ்சது. டெரெய்லரை ஃப்ரேமோட சேர்க்கற ஒரு சின்ன அலுமினியத் துண்டு இருக்கு, ஹேங்கர்னு பேரு. மெதுவா இடிச்சாலே வளையற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க, ஃப்ரேம் தப்பிக்கணும்னு. ரயில்ல ஏத்தும்போது செயின் இருக்கற பக்கம் கீழ வர்ற மாதிரி நான்தான் படுக்க வச்சுக் கட்டியிருந்தேன். அதுல லேசா உள்பக்கம் வளைஞ்சிருக்கணும். இறங்கின உடனே கியரை ஒரு ரவுண்டு மாத்திப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பார்க்கல. தினமும் டெஸ்ட் கேஸ் எழுதற வேலை எனக்கு, சைக்கிளுக்கு ஒரு டெஸ்ட் பண்ணத் தோணல. மாத்து ஹேங்கர் இல்ல. செயின் கட்டர் இல்ல. பகல் ரைடுதானேன்னு லைட்டும் எடுத்துட்டு வரல. போன்ல சார்ஜ் 20 பர்சென்ட்.

இதே கார்ல வந்திருந்தா? தள்ளிட்டுப் போய் கார்ல போட்டிருப்பேன், ஏசி போட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். கார்ங்கறது ஒரு பேக்கப். அது இல்லாதப்போ, அந்த பேக்கப் எங்க இருக்குன்னு முன்னாடியே யோசிச்சிருக்கணும்.

தள்ளிட்டே நடந்தேன். ஒரு வீட்டு வாசல்ல ஒரு பெரியவர் பார்த்துட்டு எழுந்து வந்தார். சைக்கிளைப் பார்த்தார், என் முட்டியைப் பார்த்தார். உள்ள போய் ஒரு சொம்புல தண்ணியும் கொஞ்சம் சணல் கயிறும் கொண்டு வந்தார். தொங்கிட்டு இருந்த டெரெய்லரையும் செயினையும் சேர்த்து ஃப்ரேமோட அவரே கட்டிட்டார். "இப்ப உருளும், மிதிக்கத்தான் முடியாது"ன்னார். அப்புறம் கேட்டார், "ஒண்டியாவா வந்த தம்பி? ஊட்ல சொல்லிட்டுதான வந்த?"

நான் "ஆமாங்க ஐயா"ன்னேன். அன்னைக்கு ரெண்டாவது பொய்.

அத்தனாவூர் வந்து சேர்றதுக்கே அஞ்சரை தாண்டிடுச்சு. என் ரயில் ஆறு மணி சுமாருக்கு. மனசுல ஒரு கணக்கு: இறக்கத்துக்கு செயின் எதுக்கு, பிரேக் இருந்தா போதும், உருட்டிட்டு இறங்கிடலாம். ரெண்டு வளைவு இறங்கினேன். வெளிச்சம் போயிடுச்சு. எதிர்ல வர்ற வண்டிக்கு நான் இருக்கறதே தெரியாது. கீழ பார்த்தா இருட்டு. அப்ப ஒண்ணு தோணுச்சு. இங்க எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, நான் இந்த மலையில இருக்கேன்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது. அம்மாவைப் பொறுத்தவரைக்கும் நான் ஃப்ரெண்டு வீட்டுல இருக்கேன்.

இறங்கி, ஓரமா நின்னுட்டேன். கொஞ்ச நேரத்துல காய்கறி இறக்கிட்டுத் திரும்பற ஒரு குட்டி யானை வந்துச்சு. கை காட்டினேன். அண்ணன் ஒரு வார்த்தை கேக்கல, பின்னாடி தூக்கிப் போடச் சொன்னார். ஸ்டேஷன் வாசல்ல இறக்கி விட்டார். காசு கொடுத்தா வாங்கல, ஒரு டீ மட்டும் வாங்கிக்கிட்டார்.

ரயில் போயிடுச்சு. அடுத்த ரயில் இருக்கு, ஆனா அது நிக்கற கொஞ்ச நேரத்துல பிரேக் வேன்ல சைக்கிளை ஏத்த முடியுமா, இடம் இருக்குமான்னு உறுதி இல்ல. பார்சல் ஆபீஸ்ல இருந்த ஒருத்தர்தான் வழி சொன்னார்: "காலையில அஞ்சு மணி வாக்குல ஏலகிரி எக்ஸ்பிரஸ் இங்கிருந்துதான் கிளம்பும். இங்கயே புறப்படற வண்டி, நிதானமா ஏத்தலாம்."

ஒன்பது மணிக்கு அம்மா போன். சார்ஜ் ஆறு பர்சென்ட். பிளாட்பாரம் அறிவிப்பு வேற பின்னாடி ஓடுது, அதுக்கு மேல பொய் சொல்ல முடியல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னாங்க, "போகாதன்னு சொன்னா நீ கேக்கப் போறதில்ல. அடுத்த தடவை எந்த ஊருன்னாவது சொல்லிட்டுப் போ. தேடறதுக்கு ஒரு ஊர் பேராவது வேணும்ல."

வெயிட்டிங் ஹால்ல அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. முட்டி வலியால இல்ல.

காலையில அந்த ரயில்ல பார்த்தா, டிபன் பாக்ஸோட, ஐடி கார்டோட, தினமும் சென்னைக்கு வேலைக்கு வர்றவங்க அவ்ளோ பேர். எனக்கு சாகசமா இருந்த ரயில் அவங்களுக்கு ஆபீஸ் பஸ். ஒரு அக்கா என் சேறு ஷூவைப் பார்த்துட்டு, நகர்ந்து இடம் கொடுத்தாங்க. பத்தரை மணி ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டு உக்காந்தேன்.

சரி, இதுல இருந்து நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன். போறது எப்படின்னுதான் எல்லாரும் கேக்கறோம். கார் இல்லாதவன் முதல்ல யோசிக்க வேண்டியது திரும்பறது எப்படின்னு. திரும்பற ரயில்ல இருந்து பின்னோக்கிக் கணக்கு போடுங்க.

ரயில் ஆறு மணின்னு வைங்க. சைக்கிளைக் கட்ட, புக் பண்ண அஞ்சு மணிக்கு ஸ்டேஷன்ல இருக்கணும். மேல இருந்து ஸ்டேஷனுக்கு சைக்கிள் நல்லா இருந்தா ஒரு மணி நேரம், ஆனா பஞ்சர் ஆனாலும் சமாளிக்க ரெண்டு மணி நேரம் வைங்க. அப்ப மூணு மணிக்கு அத்தனாவூரை விடணும். மேல போய்ச் சேர்றதே பன்னெண்டு. சாப்பாடு போக உங்களுக்குக் கிடைக்கறது ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரத்துக்காக 400 கி.மீ.க்கு மேல ரயில்ல போய் வரணுமா? அதனாலதான் சொல்றேன், ஏலகிரி ஒரு நாள் ட்ரிப் கிடையாது.

இப்ப நான் போற முறை இது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்ட்ரல்ல இருந்து அதே ஏலகிரி எக்ஸ்பிரஸ். அது ஜோலார்பேட்டையோட முடியற வண்டி, அதனால இறக்கறதுல அவசரமே இல்ல. நேரத்தை மட்டும் ஆப்ல பார்த்துக்கோங்க, டைம்டேபிள் மாறும். ராத்திரி ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜ். சனிக்கிழமை விடிஞ்சதும் வெயில் ஏறதுக்கு முன்னாடி மலை. ராத்திரி மேலயே தங்கல். ஞாயிறு காலையில இன்னொரு சுத்து, மதியத்துக்குள்ள கீழ. கார்ல வந்தவன் கார் நிக்கற இடத்துக்கே திரும்பியாகணும். எனக்கு அந்தக் கட்டாயம் இல்ல. தோணினா பொன்னேரில இருந்து வாணியம்பாடி பக்கம் திரும்பி, அங்க ரயில் பிடிக்கலாம். அதுவும் சென்னை லைன்தான். ஆனா அது வழியில வர்ற ஸ்டேஷன், அதனால லக்கேஜ் ஏத்த முடியுமான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

பையில என்ன இருக்கணும்? மாத்து ஹேங்கர், உங்க மாடலுக்குப் பொருந்தறது. செயின் கட்டர் இருக்கற மல்ட்டி டூல். ரெண்டு ட்யூப், பம்பு. முன்னாடி பின்னாடி லைட், பகல் ரைடா இருந்தாலும். பவர் பேங்க். கொஞ்சம் சணல் கயிறு. சிரிக்காதீங்க, நிஜமா இருக்கு. ரயில்ல ஏத்தும்போது டெரெய்லரைச் சுத்தி அட்டை வச்சுக் கட்டுங்க, செயின் பக்கம் மேல வரட்டும். பாட்டில், லைட், பம்பு எல்லாத்தையும் கழட்டிப் பையில போடுங்க. பேர், போன் நம்பர், போற ஸ்டேஷன் எழுதி ரெண்டு இடத்துல ஒட்டுங்க. இறங்கினதும் முதல் வேலை, இட்லிக்கு முன்னாடி, எல்லா கியரையும் மாத்திப் பாருங்க.

இதெல்லாம் இவ்ளோ கஷ்டமா இருக்கணும்னு அவசியம் இல்ல. ஜப்பான்ல சக்கரத்தைக் கழட்டிப் பையில கட்டினா ரயில் பெட்டிக்குள்ளயே கொண்டு போகலாம். அந்தப் பைக்கே 'ரிங்கோ பை'ன்னு ஒரு பேர் இருக்கு. மூணு பக்கமும் கூட்டினா 250 சென்டிமீட்டருக்குள்ள, 30 கிலோவுக்குள்ள இருக்கணும், அவ்ளோதான். அவ்ளோ தூரம் வேணாம், பக்கத்துல கொச்சி மெட்ரோல 2020-ல இருந்தே சைக்கிளை ஏத்த விடறாங்க. ஒரு பெட்டியில நாலு கொக்கி மாட்டினா நம்ம ஊர்லயும் எத்தனையோ பேர் கார் கனவு இல்லாமலே மலைக்குப் போவாங்க. அது வர்ற வரைக்கும் நமக்கு பிரேக் வேன்.

கடைசியா ஒண்ணு. போறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தருக்கு மூணு விஷயம் அனுப்புங்க. எந்த ஊர், எந்தப் பாதை, எத்தனை மணிக்குள்ள போன் வரலன்னா தேடணும். நான் இப்ப அம்மாவுக்குத்தான் அனுப்பறேன். அவங்களுக்கு மேப் லிங்க் திறக்கத் தெரியாது. அதனால ஊர் பேரை எழுதியே அனுப்பறேன்: ஜோலார்பேட்டை, பொன்னேரி, அத்தனாவூர், நிலாவூர். போன வாரம் பார்த்தேன், சமையல்கட்டு காலண்டர்ல, பால் கணக்குக்குப் பக்கத்துல அந்த நாலு பேரையும் எழுதி வச்சிருக்காங்க.

நீங்க கார் இல்லாம போன பாதை ஏதாவது இருந்தா மெசேஜ் பண்ணுங்க. எந்த ஸ்டேஷன், எத்தனை கி.மீ., திரும்பி வந்தது எப்படின்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல படிக்கறேன். பத்திரமா ஓட்டுங்க.